சங்கத்தின் ஆய்விதழைத் திறந்த அணுகலுக்கு மாற்றுவது: பொருளாளருக்கும் சேர்த்து ஒரு பதில்

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது நாற்பது ஆண்டுகளாகக் காலாண்டு ஆய்விதழ் நடத்தும் ஒரு கல்விச் சங்கம். கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்கள் கட்டும் சந்தாதான் வருமானம். இளைய உறுப்பினர்கள் இதழை ஓப்பன் ஆக்சஸ், அதாவது யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழாக மாற்றச் சொல்கிறார்கள். பொருளாளரோ, “சந்தா நின்றால் அச்சகத்துக்கு யார் பணம் கொடுப்பது?” என்கிறார். கட்டுரையாளரிடம் கட்டணம் வாங்கலாமா, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருளாளர் மாற்றத்துக்கு எதிரி என்று உங்கள் கடிதத்தின் தொனி சொல்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

சில ஆண்டுகளாகச் சிறு இதழ்களுக்கு இந்த வேலையில் கைகொடுத்து வருகிறேன். வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் முதலில் மென்பொருளைப் பற்றித்தான் கேட்பார்கள். அது ஒரு பிரச்சினையே இல்லை. கனடாவில் 1998இல் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் உருவாக்கிய ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் இலவசம். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான இதழ்கள் அதில்தான் ஓடுகின்றன. கணினி தெரிந்த ஒருவர் ஒரு வாரத்தில் நிறுவிவிடுவார். கட்டுரை வருவது, மதிப்பீட்டாளருக்குப் போவது, திருத்தம், வெளியீடு எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். இதழ்கள் இடறி விழுவது இரண்டே இடங்களில்: இதழ் யாருக்குச் சொந்தம் என்பதிலும், பணம் யாரிடமிருந்து வரும் என்பதிலும்.

சொந்தம் யாருக்கு என்பதை முதலில் பார்ப்போம். “இதென்ன கேள்வி, எங்கள் சங்கத்துடையதுதான்” என்பீர்கள். மொழியியலில் லிங்குவா என்றொரு பேர்பெற்ற இதழ் உண்டு. அதன் ஆசிரியர்கள் 2015இல் பதிப்பகமான எல்செவியரிடம், இதழை முழுத் திறந்த அணுகலுக்கு மாற்ற வேண்டும், கட்டுரைக் கட்டணத்தைக் குறைவாக வைக்க வேண்டும், இதழின் உரிமையை எங்களிடம் தர வேண்டும் என்று கேட்டார்கள். பதிப்பகம் மறுத்தது. ஆசிரியர்கள் ஆறு பேரும் ஆசிரியர் குழுவினர் முப்பத்தொரு பேரும் விலகினார்கள். வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் வெளியேறினாலும் பெயர் பதிப்பகத்திடமே இருந்தது. அதனால் 2016இல் குளோஸா என்ற புதுப் பெயரில், முதல் தொகுதி முதல் இதழ் என்று எண்ணைத் தொடங்கினார்கள். பழைய பெயரில் சேர்த்த மதிப்பு, மேற்கோள் கணக்கு, தரவரிசை எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. குளோஸா நன்றாகவே தழைத்தது. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு துறையே திரண்டு நின்றது. உங்கள் சங்கத்துக்கு அப்படித் திரளுமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2023இல் நியூரோஇமேஜ் என்ற மூளைப் படிமவியல் இதழின் ஆசிரியர்களும் இதே வழியில்தான் போனார்கள். ஒரு கட்டுரைக்கு 3,450 டாலர் என்ற கட்டணம் அதிகம் என்று சொல்லி, நாற்பதுக்கும் மேற்பட்டோர் மொத்தமாக விலகி, எம்ஐடி பிரஸ்ஸில் இமேஜிங் நியூரோசயின்ஸ் என்று புது இதழ் தொடங்கினார்கள். அங்கேயும் பெயரை விட்டுவிட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

ஆகவே தீர்மானம் போடும் முன் அலமாரியைத் திறந்து சில காகிதங்களைத் தேடுங்கள். வெளிப் பதிப்பகத்துடன் என்றாவது ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் தலைப்பு யார் பெயரில் இருக்கிறது, ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, முடிவதற்கு எத்தனை மாதம் முன்பு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். அந்தத் தேதியைத் தவறவிட்டால் ஒப்பந்தம் தானாகவே இன்னும் சில ஆண்டுகளுக்கு நீளும்படி எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பழைய இதழ்களின் பிடிஎஃப் கோப்புகள் யாரிடம் இருக்கின்றன? எல்லாவற்றையும்விட முக்கியமானது, சந்தாதாரர் பட்டியல் யாரிடம் இருக்கிறது? பதிப்பகமே சந்தா வசூலித்துக்கொண்டிருந்தால், எந்த நூலகம் உங்கள் இதழை வாங்குகிறது என்பதே சங்கத்துக்குத் தெரியாது. பட்டியல் இல்லாமல், கீழே நான் சொல்லப்போகும் எதையும் செய்ய முடியாது. பதிப்பகம் மாறும்போது பழையவர் புதியவரிடம் எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும் என்று டிரான்ஸ்ஃபர் கோட் என்ற நடைமுறை விதித்தொகுப்பு ஒன்று சொல்கிறது. சந்தாதாரர் விவரமும் அதில் அடக்கம். பேச்சுவார்த்தையில் அதை மேசைமேல் வைக்கலாம்.

இணைய முகவரியையும் இதே பட்டியலில் சேருங்கள். நான் உதவப் போன ஒரு சங்கத்தில், இதழின் முகவரியை ஒரு ஆராய்ச்சி மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்துகொடுத்திருந்தார். அவர் படிப்பை முடித்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவருடைய பழைய பெட்டியிலேயே கிடந்தன. ஒருநாள் இதழின் முகவரியைத் தட்டினால் சூதாட்டத் தளம் வந்து நின்றது. பன்னிரண்டு ஆண்டுக் கட்டுரைகளுக்கு மற்றவர்கள் கொடுத்திருந்த சுட்டிகளெல்லாம் அங்கே போய் முட்டிக்கொண்டிருந்தன. கடைசிவரை அந்த முகவரி திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் உண்மையான கணக்கு என்னிடம் இல்லாததால் ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். எண்கள் கற்பனைதான், முறை மட்டும் நிஜம். 300 நூலகங்கள் ஆளுக்கு 2,500 ரூபாய் கட்டுகின்றன. ஆண்டு வருமானம் ஏழரை லட்சம். நூலகங்களோடு ஆயுள் உறுப்பினர் 100 பேருக்கும் அச்சுப் பிரதி போகிறது. 400 பிரதிக்கு அச்சும் தபாலும் பிரதிக்கு ஆண்டுக்கு 800 வீதம் 3.2 லட்சம். அலுவலக உதவியாளர் சம்பளம் மாதம் 15,000, ஆண்டுக்கு 1.8 லட்சம். ஆண்டுக்கு 40 கட்டுரை, மொழித் திருத்தத்துக்கும் பக்க வடிவமைப்புக்கும் கட்டுரைக்கு 3,000, ஆக 1.2 லட்சம். இணையதளம், டிஓஐ (ஒவ்வொரு கட்டுரைக்கும் வாங்கும் நிலையான இணைய அடையாள எண்), சில்லறைச் செலவு 30,000. மொத்தச் செலவு ஆறரை லட்சம். மிச்சம் ஒரு லட்சம் சங்கத்தின் ஆண்டுக் கருத்தரங்குக்குப் போகிறது.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். இதழ் சங்கத்தை நடத்துகிறதா, சங்கம் இதழை நடத்துகிறதா என்பது அதில்தான் தெரியும். மேலை நாட்டுப் பெரிய சங்கங்களிலும் மாற்றம் சிக்குவது இங்கேதான். இதழ் லாபத்தில்தான் உதவித்தொகையும் விருதும் மாநாடும் ஓடுகின்றன. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, தரம், மரபு என்று வேறு எதையோ காரணமாகச் சொல்வார்கள். உங்கள் குழுவில் அதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

இப்போது கட்டுரைக் கட்டணம். அச்சை நிறுத்திவிட்டால் மாதிரிக் கணக்கில் செலவு 3.3 லட்சம், 40 கட்டுரைக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 8,250 ரூபாய். நேச்சர் இதழ் 2021 முதல் 9,500 யூரோ கேட்டதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் உங்களுக்கு எழுதுகிறவர்கள் யார்? ஆய்வுத் திட்ட நிதி இல்லாத கல்லூரி ஆசிரியர்கள், உதவித்தொகையில் காலம் தள்ளும் மாணவர்கள். அவர்கள் சொந்தப் பையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். கட்டணம் அறிவித்ததும் வரத்துக் குறையும். 40 கட்டுரை 25 ஆனால், சம்பளமும் தளச் செலவும் குறையாது என்பதால், கட்டுரைக்கு 11,400 ஆகிவிடும். கட்டணம் ஏற ஏற வரத்து இன்னும் குறையும்.

அதைவிட எனக்குப் பயம் தருவது வேறொன்று. கட்டணம் வருவது ஏற்கப்பட்ட கட்டுரைகளிலிருந்து மட்டும். நிராகரித்த கட்டுரைக்கும் உழைப்பு உண்டு, வரவு இல்லை. மார்ச் மாதம் கையிருப்புக் குறையும்போது, சுமாரான ஒரு கட்டுரையை “திருத்தத்துடன் ஏற்கலாம்” என்று எழுத ஆசிரியரின் கை தானாகப் போகும். நல்ல மனிதர்களுக்கும் போகும். பெரிய அளவில் இது எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு ஹிந்தாவியைப் பாருங்கள். முழுக்கக் கட்டுரைக் கட்டணத்தில் ஓடிய அந்தப் பதிப்பகத்தை வைலி நிறுவனம் 2021இல் 298 மில்லியன் டாலருக்கு வாங்கியது. சிறப்பிதழ்கள் வழியாகப் போலிக் கட்டுரைகள் வெள்ளமாக நுழைந்திருந்தது பிறகு தெரிந்து, 2023இல் மட்டும் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பெயரையே கைவிட்டார்கள். நம் நாட்டிலோ, காசு கொடுத்தால் மூன்று நாளில் அச்சேற்றும் போலி இதழ்கள் மலிந்து கிடக்கின்றன. சங்க இதழ் கட்டணம் கேட்கத் தொடங்கினால், அந்தக் கூட்டத்தில் ஒன்றாக நீங்களும் தெரிவீர்கள். கட்டணமே பாவம் என்று சொல்ல மாட்டேன். நிதி தாராளமாகப் புழங்கும் உயிர்மருத்துவத் துறையில் அது ஓடும். உங்களுக்கு ஒத்துவராது.

அப்படியானால் வேறு வழி? 2019இல் பிரிட்டனில், சங்கப் பதிப்பாளர்களுக்காக நடத்திய ஓர் ஆய்வு 27 வழிகளைப் பட்டியல் போட்டது. பெரும்பாலானவை உங்களுக்குப் பொருந்தாது. உதாரணமாக, ஜெர்மனியின் டீல் கூட்டமைப்பு வைலியுடனும் ஸ்ப்ரிங்கர் நேச்சருடனும் 2023இல் எல்செவியருடனும் போட்டது போன்ற, படிப்பதற்கும் வெளியிடுவதற்கும் சேர்த்து ஒரே தொகை பேசும் ஒப்பந்தங்கள். அவற்றைப் பேசி முடிக்கவே ஒரு தனி அலுவலகம் வேண்டும். நாற்பது கட்டுரை இதழுடன் யாரும் அந்த மேசைக்கு உட்கார மாட்டார்கள்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் வழியின் பெயர் சப்ஸ்க்ரைப் டு ஓப்பன். தமிழில் ‘திறக்கச் சந்தா’ என்று வைத்துக்கொள்ளலாம். இதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது கலிஃபோர்னியாவில் 1932இல் தொடங்கிய ஆனுவல் ரிவியூஸ் என்ற லாபநோக்கற்ற பதிப்பகம். அவர்களுடைய சங்கடம் விசித்திரமானது. ஒரு துறையில் அந்த ஆண்டுவரை நடந்ததைத் தொகுத்து எழுதும்படி மூத்த அறிஞர்களை அவர்களேதான் அழைக்கிறார்கள். விருந்துக்கு அழைத்துவிட்டு இலைக்குக் காசு கேட்க முடியுமா? எனவே கட்டுரைக் கட்டணம் என்ற வழி அவர்களுக்கு முதலிலேயே அடைபட்டிருந்தது.

அவர்கள் செய்தது இதுதான். ஏற்கெனவே சந்தா கட்டும் நூலகங்களிடம் போய், வழக்கம்போல் இந்த ஆண்டும் புதுப்பியுங்கள், போதுமான பேர் புதுப்பித்தால் இந்த ஆண்டுத் தொகுதியை உலகம் முழுக்கத் திறந்துவிடுவோம், போதாவிட்டால் பூட்டியே இருக்கும், கட்டியவர்கள் மட்டும் படிப்பார்கள் என்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் அதே பேரம். 2020இல் சில இதழ்களில் சோதித்தார்கள். 2023இல் தங்கள் 51 இதழ்களையும் இந்த முறைக்குக் கொண்டுவந்தார்கள். மானுடவியல் இதழ்கள் வெளியிடும் பெர்கான், பிரான்சின் ஈடிபி சயின்சஸ், ஐரோப்பியக் கணிதக் கழகத்தின் பதிப்பகம் என்று சின்னவர்களும் இதை எடுத்துக்கொண்டார்கள்.

இதன் சாமர்த்தியம் இரண்டு. ஒன்று, நூலகத்தின் பெருந்தன்மையை இது நம்பியிருக்கவில்லை. “மற்றவர்கள் கட்டட்டும், நமக்கு இலவசமாகக் கிடைக்கும்” என்று நூறு பேர் நினைத்தால் கதவு சாத்திக்கொள்ளும். அவரவர் வாசகருக்கே இதழ் இருக்காது. இரண்டு, பணம் நன்கொடையாகப் போவதில்லை, சந்தாவாகவே போகிறது. இந்த இரண்டாவது விஷயத்தின் அருமை நம் ஊர் அரசுக் கல்லூரி நூலகர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். நன்கொடை என்று ரசீது கொடுத்தால் தணிக்கைக்காரர் விடமாட்டார். “இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் பணம் கட்டினீர்கள்?” என்று குறிப்பு எழுதிவிட்டுப் போவார், நூலகர் ஓய்வுபெறும் வரை அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். சந்தா என்று விலைப்பட்டியல் இருந்தால், கட்டும் நேரத்தில் அது பூட்டிய இதழ்தான். யாரும் கேள்வி கேட்க முடியாது.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கைப்பிடியும் உண்டு: அச்சுப் பிரதி. மும்பையில் ஒரு குழந்தை மருத்துவர் தொடங்கிய மெட்னோ பதிப்பகம் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் மருத்துவச் சங்க இதழ்கள் பலவற்றை இப்படித்தான் நடத்தியது. இணையத்தில் எல்லாம் இலவசம், அச்சுப் பிரதிக்குச் சந்தா, கட்டுரையாளரிடம் பெரும்பாலும் கட்டணமில்லை. இலவசமாகக் கொடுத்தால் சந்தா செத்துவிடும் என்று அன்றைக்கும் எல்லோரும் பயமுறுத்தினார்கள், செத்துவிடவில்லை. மெட்னோவை வோல்டர்ஸ் க்ளூவர் 2011இல் வாங்கிவிட்டது. உங்கள் பதிப்பகம் நாளை கைமாறலாம், அப்போது உங்கள் இதழின் கட்டணக் கொள்கையை யார் தீர்மானிப்பது என்று ஒப்பந்தத்தில் இன்றே எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் நச்சரிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாதிரிக் கணக்குக்கு வருகிறேன். உறுப்பினர்களுக்கு இனி பிடிஎஃப் மட்டும். நூலகங்களுக்கு அச்சுப் பிரதியோடு அதே 2,500 ரூபாய்ச் சந்தா. பிரதிச் செலவு 800 போக நூலகம் ஒன்றுக்கு 1,700 சங்கத்தின் கையில் நிற்கும். அச்சு நீங்கலான செலவு 3.3 லட்சத்தை 1,700ஆல் வகுத்தால் 195 நூலகங்கள். அதாவது 300இல் 105 பேர் விலகினாலும் இதழைத் திறந்து வைக்கலாம். கருத்தரங்குக்கு ஒரு லட்சமும் இதழே தர வேண்டுமென்றால் 253 பேர் வேண்டும். அந்த 58 நூலக வித்தியாசம் கருத்தரங்கின் விலை. அதை உறுப்பினர் கட்டணத்திலிருந்தோ வேறு நிதியிலிருந்தோ எடுக்க முடிந்தால், இதழின் தலையிலிருந்து பெரிய பாரம் இறங்கும். உங்கள் உண்மையான எண்களை இதே மாதிரி போட்டுப் பாருங்கள். பொருளாளர் பயப்படுகிற பேச்சு அங்கேயே பாதி அடங்கும். அல்லது அவர் பயந்தது சரிதான் என்று தெரியும். எதுவானாலும் நல்லதே.

இந்த முறையில் ஓட்டை இல்லாமலில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து திறந்தே இருந்தால், பூட்டுவோம் என்ற பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். ஓர் ஆண்டு எண்ணிக்கை குறைந்தால் நிஜமாகவே பூட்ட உங்களுக்கு மனம் வர வேண்டும். ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த இந்தத் திட்டத்தில், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாயில் 30 பெரிய பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300 அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. கல்லூரி முதல்வர், “இவ்வளவு வருகிறதே, இந்தச் சின்னச் சங்க இதழுக்குத் தனியாக எதற்குச் சந்தா?” என்று கேட்பார் என்றே நினைக்கிறேன். அதே பணத்தில் ஒரு சிறு துண்டை உள்நாட்டுச் சங்க இதழ்களைத் திறந்து வைக்கக் கொடுத்திருந்தால் எத்தனையோ இதழ்கள் பிழைத்திருக்கும் என்பது என் ஆதங்கம்.

லத்தீன் அமெரிக்காவில் அப்படித்தான் செய்தார்கள். பிரேசிலில் 1998இல் பொதுப் பணத்தில் தொடங்கிய சையலோ, மெக்சிகோவில் 2003இல் வந்த ரெடாலிக் இரண்டும் பல நாட்டுப் பல்கலைக்கழக இதழ்களை வாசகருக்கும் இலவசமாக, பெரும்பாலும் கட்டுரையாளருக்கும் இலவசமாக நடத்திக்கொடுக்கின்றன. இதைத்தான் இப்போது டைமண்ட் என்கிறார்கள். இலங்கையிலும் 2008 முதல் இலங்கை ஆய்விதழ்கள் பலவற்றை ஒரே தளத்தில் திறந்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் சங்கத்துக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழகம் நின்று உதவியாளர் சம்பளத்தையும் சர்வரையும் ஏற்றுக்கொண்டால் சந்தாவையே மறந்துவிடலாம். ஆனால் துணைவேந்தர் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டு, வாய்வாக்கை எழுத்தில் வாங்குங்கள்.

துகள் இயற்பியலில் செர்ன் என்ற ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தின் தலைமையில் 2014இல் தொடங்கிய ஸ்கோப்-3 பற்றியும் யாராவது உங்களிடம் சொல்வார்கள். உலக நூலகங்களின் சந்தாப் பணத்தை ஒரே பானையில் போட்டு முக்கிய இதழ்களை அப்படியே திறந்த ஏற்பாடு அது. அழகான வேலை. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய இதழ்கள், 1991 முதல் கட்டுரைகளை ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் களஞ்சியத்தில் முன்கூட்டியே போட்டுப் பழகிய துறை, நடுவில் செர்ன் மாதிரி ஒரு பெரிய வீடு என்று மூன்றும் சேர்ந்ததால் நடந்தது. நீங்கள் தனியாகப் பின்பற்றக்கூடியதல்ல.

அடுத்து உரிமம். இதில் அவசரப்பட வேண்டாம். இனி வரும் கட்டுரைகளுக்குச் சுலபம்: பதிப்புரிமை கட்டுரையாளரிடமே இருக்கட்டும், கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது உரிமத்தில் வெளியிடும் அனுமதியை மட்டும் எழுத்தில் வாங்குங்கள். எந்த உரிமம் என்றால், பெயர் குறிப்பிட்டால் போதும் என்னும் சிசி பிஒய். “மாற்றம் கூடாது” என்ற நிபந்தனையுள்ள உரிமத்தைச் சிலர் பாதுகாப்பு என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதைப் போட்டால் உங்கள் இதழ்க் கட்டுரையை ஒருவர் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடுவதற்குக்கூட தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஒருமுறை கொடுத்த உரிமத்தை அப்புறம் திரும்பப் பெற முடியாது என்பதையும் குழுவுக்குச் சொல்லுங்கள்.

பழைய நாற்பது ஆண்டு இதழ்கள்தான் தலைவலி. “பதிப்புரிமை சங்கத்துக்கே” என்று பின்னட்டையில் அச்சடித்திருப்பீர்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 19ஆம் பிரிவின்படி, எழுத்தில், கையெழுத்தோடு எழுதிக்கொடுக்காத உரிமை மாற்றம் செல்லாது. எழுதிக்கொடுத்திருந்தாலும், எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக 1980களில் தபால் அட்டையில் ‘கட்டுரை கிடைத்தது, நன்றி’ என்று எழுதி அச்சேற்றியவற்றுக்கெல்லாம் உரிமை இன்னும் கட்டுரையாளரிடமோ அவர் வாரிசிடமோதான் இருக்கும். அவற்றின்மேல் இஷ்டத்துக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை குத்த உங்களுக்கு அதிகாரமில்லை. நடைமுறையில் நான் சொல்வது: உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு கடிதம் போட்டு அனுமதி வாங்குங்கள், பெரும்பாலோர் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மற்றவற்றை உரிமம் எதுவும் சொல்லாமல் படிக்க மட்டும் வையுங்கள். ஆட்சேபித்தால் நீக்குவோம் என்று ஒரு வரியும் தொடர்பு முகவரியும் போடுங்கள். இதிலும் சிறு ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. வழக்கறிஞர் உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

காலக்கணக்கு: ஒன்றரை ஆண்டாவது வைத்துக்கொள்ளுங்கள். இதழ் ஜனவரியில் தொடங்குகிறது, கல்லூரி நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, சந்தா முகவர்கள் புதுப்பிப்புப் பட்டியலை ஆண்டுக் கடைசியில் முடிக்கிறார்கள். இந்த மூன்றும் ஒத்துப்போகிற மாதிரி, நடு ஆண்டிலேயே நூலகங்களுக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். கடிதத்தில் மூன்றே செய்தி: வழக்கமான சந்தாதான், இத்தனை பேர் புதுப்பித்தால் திறப்போம், இந்தத் தேதிக்குள். முகவர்களிடம் தனியாகப் பேசுங்கள். “அந்த இதழ் இலவசமாகிவிட்டது” என்று அவர்கள் பட்டியலிலிருந்து அடித்துவிட்டால் உங்களுக்கு மறு ஆண்டு வருமானம் போய்விடும், எந்த நூலகமும் விரும்பி விலகியிருக்காது. மூன்று ஆண்டுச் சந்தா முன்பணமாகக் கட்டியவர்களை மறந்துவிடாதீர்கள். ஒருவர் திருப்பிக் கேட்டாலும் கொடுக்கப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

திறந்த பிறகு செய்ய வேண்டியவற்றில், டிஓஐ பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராகி ஒவ்வொரு கட்டுரைக்கும் டிஓஐ வாங்குவதும், அச்சுக்கு உள்ளதைத் தவிர இணையப் பதிப்புக்குத் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணைத் தனியாக வாங்குவதும் வழக்கமான வேலைகள். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த அணுகல் இதழ் அட்டவணையில் சேர விண்ணப்பியுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக் கட்டுரை, தெளிவான உரிமம், மதிப்பீட்டு முறை, ஆசிரியர் குழு விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்குக் கட்டணமில்லை. பணம் கட்டினால் சேர்த்துவிடுகிறோம் என்று மின்னஞ்சல் வந்தால் அது ஏமாற்று.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், பாதுகாப்புப் பிரதி. சந்தா இதழ் செத்தாலும் அச்சுப் பிரதிகள் நூறு நூலக அலமாரிகளில் இருக்கும். இணையத்தில் மட்டும் இருக்கும் இதழ் செத்தால் சர்வர் வாடகையோடு எல்லாம் போயிற்று. 2000க்கும் 2019க்கும் இடையில் 174 திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்து சுவடின்றி மறைந்துபோனதை ஓர் ஆய்வு எண்ணிக் காட்டியது. மேலே சொன்ன அதே கனடா மென்பொருளில் இதழ் நடத்துபவர்களுக்கு அவர்களே ஒரு பாதுகாப்பு வலையமைப்பை இலவசமாக வைத்திருக்கிறார்கள். தளத்தின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெட்டியை டிக் செய்து நிபந்தனைகளை ஏற்றால் பிரதிகள் தானாகப் போய்ச் சேரும். நிறுவுகிற அன்றைக்கே இதைச் செய்துவிடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கையில்தான் இருக்கிறது. பொருளாளரிடம் கடைசி மூன்று ஆண்டுச் சந்தாப் பதிவேட்டையும் செலவுக் கணக்கையும் வாங்குங்கள். எந்த நூலகம் மூன்று ஆண்டும் கட்டியது, எது விட்டு விட்டுக் கட்டியது என்று பிரித்துப் பார்த்தால், என் மாதிரிக் கணக்கின் 195க்குப் பதிலாக உங்கள் எண் என்ன என்று அரை நாளில் தெரிந்துவிடும். அந்த எண்ணையும், பதிப்பக ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதன் முடிவுத் தேதியையும் எழுதுங்கள். நூலகங்களுக்கான கடிதத்தைச் சேர்ந்தே வரைவு செய்துவிடலாம்.